தோட்ட வாரியமும் நம் ஊர் வெற்றுமனையும்

முன்னுரை

நம் குடியிருப்பின் மேற்கு மதிலை ஒட்டி ஒரு வெற்றுமனை கிடப்பதை நம்முள் அறியாதார் இலர். ஆடி மாதத்து மழை அதனைக் குட்டையாக்கும். ஆவணியில் பார்த்தீனியச் செடி ஆளுயரம் வளர்ந்து அதனை மூடும். பங்குனி வெயிலில் செடி கருகியதும், உடைந்த செங்கற் குவியலும் நெகிழிப் பைகளும் வெளிப்படும். ஆண்டு முழுவதும் மாறாத காட்சி ஒன்றுண்டு. மாலையில் பந்தும் கையுமாய் அங்கு வந்து, கால் வைக்க இடமின்றி, ஊர்திகள் நிற்கும் கூடத்திற்கே திரும்பிச் செல்லும் நம் சிறுவர் கூட்டமே அக்காட்சி.

இம்மனையைத் திருத்த வேண்டியவர் யார்? அரசு என்பர் சிலர். குடியிருப்போர் என்பர் வேறு சிலர். அரசு பொருள் தரட்டும், குடியிருப்போர் உழைப்புத் தரட்டும் என்பாரும் உளர். இவ்வினா நமக்குப் புதிதாயினும் வரலாற்றிற்குப் புதிதன்று. ஊரின் வெற்றிடத்தை ஊரார் கூடித் திருத்துவதும், அதற்கு அரசு துணைப் பொருள் நல்குவதும் பல நாடுகளில் பல காலங்களில் நடந்தேறியவையே. அவை எங்கு நிலைத்தன, எங்கு வீழ்ந்தன என்பதை ஆராயின், நம் மதிலருகே கிடக்கும் மனைக்கும் வழி பிறக்கும்.

உத்தரமேரூர் காட்டும் வழி

தமிழகத்தில் காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது உத்தரமேரூர். அங்குள்ள வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் முதற் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. அவை கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளுக்கு உரியவை. குடவோலை முறையை விளக்கும் கல்வெட்டுகள் என்று பள்ளியில் நாம் அனைவரும் படித்திருக்கிறோம். ஆயினும் அவற்றுள் நாம் கருதாமல் கடந்து சென்ற சொல் ஒன்றுண்டு. அதுவே தோட்ட வாரியம்.

ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலை நறுக்குகளில் எழுதிக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு ஓர் ஓலை எடுக்கச் செய்தனர். இவ்வாறு தேர்ந்த முப்பதின்மருள் பன்னிருவர் சம்வத்சர வாரியம். பன்னிருவர் தோட்ட வாரியம். அறுவர் ஏரி வாரியம். ஏரிக்கு அறுவரே போதும் என்று கருதிய ஊர், தோட்டத்திற்குப் பன்னிருவரை வைத்தது. அன்றியும், ஊரின் பொதுக் காரியங்களை நடத்தும் சம்வத்சர வாரியத்திற்கு, முன்னர்த் தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் பணியாற்றினோரும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தோருமே எடுக்கப்பட்டனர். ஊராள விரும்புவோன் முதலில் தோட்டத்தையோ ஏரியையோ பேணிக் காட்ட வேண்டும் என்பது இதனாற் பெறப்படும்.

வாரியப் பெருமக்களின் பணிக்காலம் முந்நூற்று அறுபது நாள். வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் மீண்டும் குடத்திற் புகமாட்டான். அவனுடைய நெருங்கிய உறவினரும் புகார். பொதுப் பொருளைத் தொட்டவன் கணக்கை மறைத்தால் அவன் சுற்றத்தாரும் வாயிலுக்கு வெளியே நிற்க வேண்டும் என்பது எத்துணைக் கடுமையான விதி!

இதனைக் கூறும்போது மற்றொன்றையும் மறைத்தலாகாது. அஃது அந்தணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். கால்வேலி இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடைய ஆடவர்க்கே பொதுவாக அவ்வுரிமை இருந்தது. மண்ணை வெட்டியவர்க்கும் நீரைச் சுமந்தவர்க்கும் குடத்தில் ஓலை இல்லை. ஆகவே, அக்காலத்தைப் பொற்காலம் எனப் புகழ்ந்து அமைதலினும், அதன் விதியை எடுத்துக்கொண்டு, அதன் குறையை நீக்கிக்கொள்ளுதலே அறிவுடைமை.

குடிமராமத்து தேய்ந்த கதை

தோட்டத்திற்கும் ஏரிக்கும் ஊரார் தாமே கை கொடுக்கும் வழக்கம் பிற்காலத்தில் குடிமராமத்து எனப் பெயர் பெற்றது. வாய்க்காலில் மண் அள்ளுதல், கரையில் பள்ளம் தூர்த்தல் போன்ற சிறு பணிகள் குடிகளுடையவை. மதகு, கலிங்கு போன்ற பெரும் பணிகள் அரசினுடையவை. இப்பகிர்வு எழுதாச் சட்டமாய் நிலவியது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்வழக்கம் தளர்ந்தது. 1858-ஆம் ஆண்டில் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் பிறந்தது. மனமுவந்து செய்த பணி, செய்யத் தவறின் தண்டம் என்னும் அச்சத்தாற் செய்யும் பணியாயிற்று. அன்பினால் நின்றதை ஆணையினால் நிறுத்த முயன்றனர், அது நிற்கவில்லை. நிலவரியைப் பெறும் உரிமை முழுவதும் அரசிடம் சென்றபின், ஊரின் கையில் பொருளும் இல்லை, அதிகாரமும் இல்லை, கடமை மட்டுமே எஞ்சியது. அத்தகைய கடமையை எவர்தாம் நெடுநாள் சுமப்பர்?

2017-ஆம் ஆண்டில் தமிழக அரசு குடிமராமத்தைப் புதுப்பித்தபோது, செலவில் பெரும்பகுதியை அரசு ஏற்று, பத்தில் ஒரு பங்கை உழவர்கள் உழைப்பாகவோ பொருளாகவோ தருமாறு வகுத்தது. பங்கு சிறிதேயெனினும், தன் பங்கு இருக்கும் கரையைத் தன் கரையென மனிதன் எண்ணுவான் என்னும் கருத்து அதில் உண்டு.

மராட்டிய மண்ணின் மரபு

இவையெல்லாம் தமிழகத்துச் செய்திகள். நாம் வாழும் மராட்டிய மண்ணில் இத்தகைய மரபு உண்டோ என வினவலாம். உண்டு, நன்றாகவே உண்டு. நாம் நத்தம் என்பதை இவர்கள் காவ்டாண் என்பர். மேய்ச்சற் புறம்போக்கைக் காய்ரான் என்பர். ஊர்த் தெய்வத்தின் பெயரால் வெட்டாமற் காத்த காட்டைத் தேவ்ராய் என்பர். நம் ஐயனார் கோயிற் காட்டிற்கு உடன்பிறப்பு இந்தத் தேவ்ராய்.

ஹிஞ்சேவாடி முளசி வட்டத்தைச் சேர்ந்த பழைய ஊர். மென்பொருள் நிறுவனங்களின் கண்ணாடி மாளிகைகள் எழுமுன்னரே இங்கு வயல் இருந்தது, ஊர்ப்பொது இருந்தது, ஊர்த் தெய்வமாகிய மாத்தோபா இருந்தார். சித்திரைத் திங்களில் ஹிஞ்சேவாடியும் வாக்கடும் சேர்ந்தெடுக்கும் மாத்தோபா திருவிழாவைக் கண்டவர்கள், ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்கு மட்டும் உரியதன்று என்பதை உணர்வர்.

பொதுவிடத் தூய்மைக்காகவே வாழ்ந்த பெரியார் ஒருவரையும் இம்மண் ஈன்றது. அவர்தாம் காட்கே பாபா. 1876-இல் பிறந்து 1956-இல் மறைந்த அத்துறவி, எவ்வூர்க்குச் சென்றாலும் முதலில் துடைப்பத்தை எடுத்துத் தெருவைக் கூட்டுவார். மாலையில் கீர்த்தனம் பாடி அறிவு புகட்டுவார். கூட்டியதற்குக் கூலியாக மக்கள் தந்த பொருளால் தருமசாலைகளும் கல்விக்கூடங்களும் எழுந்தன. அவர் பெயரால் 2000-2001ஆம் ஆண்டில் மராட்டிய அரசு ஊர்த் தூய்மை இயக்கம் ஒன்றைத் தொடங்கிற்று. முன்பணம் தந்து வேலை வாங்காமல், ஊரார் தாமே தூய்மை செய்து முடித்தபின் சிறந்த ஊர்களுக்குப் பரிசுப் பொருள் வழங்கியமை அவ்வியக்கத்தின் தனிச்சிறப்பு. உழைப்பு முன்னே, பொருள் பின்னே. இம்முறையில் பொருளுக்காகக் கூடும் கூட்டம் குறைந்து, ஊருக்காகக் கூடும் கூட்டம் பெருகியது.

அயல்நாடுகள் கற்பிக்கும் பாடம்

நகரத்து வெற்றுமனைக்கே உரிய வரலாற்றைக் காண நாம் கடல் கடந்து செல்ல வேண்டும். 1893-ஆம் ஆண்டில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி தாக்கியது. டெட்ராயிட் நகரில் ஆலைகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அந்நகர மேயராகிய ஹேசன் பிங்ரி, 1894-இல், பயனின்றிக் கிடந்த மனைகளை உரிமையாளர்களிடம் கேட்டுப் பெற்று, ஏழைகளுக்கு உருளைக்கிழங்கும் காய்கறியும் பயிரிடக் கொடுத்தார். நன்கொடை போதாதபோது தம் குதிரையையே ஏலத்தில் விற்றார் என்பர். முதலாண்டில் சுமார் 430 ஏக்கர் நிலத்தில் 945 குடும்பங்கள் பயிர் செய்தன. எள்ளி நகையாடியோர் வாயடைத்தனர். ஆயினும் அந்நிலம் இரவல் நிலம். செழுமை திரும்பியதும் மனைகள் உரியவர்களிடம் மீண்டன; தோட்டங்கள் மறைந்தன.

இதே பாடத்தை நியூயார்க் நகரமும் கற்றது. 1973-இல் லிஸ் கிறிஸ்டி என்னும் பெண்மணியும் நண்பர்களும் மான்ஹாட்டனில் குப்பை மேடாய்க் கிடந்த மனையொன்றைத் தோட்டமாக்கினர். மறு ஆண்டில் நகராட்சி அதனை மாதம் ஒரு டாலர் வாடகைக்கு அவர்களிடமே விட்டது. 1978-இல், இத்தகைய தோட்டங்களுக்கு உதவ நகராட்சியே தனித் திட்டம் வகுத்தது. ஆனால் 1999-இல், மனைகளின் விலை ஏறிய காலத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலமிட நகராட்சி முனைந்தது. மக்கள் தெருவில் இறங்கிப் போராடினர். இறுதியில் அறநிலையங்கள் இரண்டு அவற்றை விலைகொடுத்து வாங்கிக் காத்தன. இருபத்தைந்தாண்டு நீர் ஊற்றியவரும் நிலத்தின் உரிமையை எழுத்திற் பெறாவிடின் ஒரு நாளில் அயலாராவர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

பிலடெல்பியா நகரம் வேறொரு பாடம் தருகிறது. அங்குப் பென்சில்வேனியா தோட்டக்கலைக் கழகம் நகராட்சியின் பொருளுதவியுடன் வெற்றுமனைகளைச் சீர்செய்து வருகிறது. செய்யும் பணி எளியது: குப்பையை அகற்றுதல், மண்ணைச் சமன்செய்து புல் விதைத்தல், சில மரங்கள் நடுதல், தாழ்ந்த மரவேலி இடுதல். அதன்பின் குறித்த காலந்தோறும் புல் வெட்டுதல். 541 மனைகளைக் கொண்டு ஆய்வாளர் நடத்திய சோதனையின் முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. வறுமை மிக்க பகுதிகளில், சீர்செய்த மனைகளைச் சூழ்ந்து துப்பாக்கி வன்முறை சுமார் 29 விழுக்காடு குறைந்தது. அண்டை வாழ்வோரின் மனச்சோர்வும் தணிந்தது. மலர்ச்சோலையோ நீரூற்றோ அவர்கள் அமைக்கவில்லை. தொடர்ந்து பேணினர், அவ்வளவே.

புனேயிலும் தமிழகத்திலும்

பொதுப்பொருளை எப்பணிக்குச் செலவிடுவது என்பதைக் குடிமக்களே கூடி முடிவுசெய்யும் முறை பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-இல் தொடங்கிற்று. அக்கருத்து உலகெங்கும் பரவி, நம் அண்டை நகரமாகிய புனேயையும் 2006-இல் அடைந்தது. புனே மாநகராட்சி தன் வரவு செலவுத் திட்டத்தில் குடிமக்கள் பங்கு கொள்ளும் முறையை அவ்வாண்டில் தொடங்கியது. நடைபாதை, இருக்கை, தெருவிளக்கு, சிறு பூங்கா போன்ற பணிகளைக் குடிமக்கள் படிவத்தில் எழுதி வட்டார அலுவலகத்தில் தரலாம். ஒரு பணிக்குக் குறித்த வரம்பு வரை பொருள் கேட்கலாம். தக்கவை அடுத்த ஆண்டின் திட்டத்தில் இடம்பெறும். மொத்தத் திட்டத்தில் இத்தொகை ஒரு சிறு துளியே. படிவம் இருப்பதையே அறியாதார் பலர். எனினும், தெருமுனை மனையை என்ன செய்வது என்று தெருவில் வாழ்வோரைக் கேட்கும் வழக்கம் வந்ததே ஒரு திருப்பம்.

தமிழகத்திலோ, 1997-98இல் நமக்கு நாமே திட்டம் என்னும் பெயரால், மக்கள் ஒரு பங்கு தந்தால் எஞ்சியதை அரசு தரும் முறை வகுக்கப்பெற்றது. 2011-12இல் அது தன்னிறைவுத் திட்டம் எனப் பெயர் மாறி, மக்கள் பங்கு மூன்றில் ஒன்றேனும் இருத்தல் வேண்டும் என்று நின்றது. 2021-இல் பழைய பெயரே மீண்டது. ஆட்சி மாறப் பெயர் மாறினும் கருத்து மாறவில்லை. இருபெரும் கட்சியினரும் ஒப்பிய கருத்துகள் மிகச் சில. அவற்றுள் இஃது ஒன்று.

சென்னைக் கோட்டூர்புரத்தில் அடையாற்றங்கரையில் குப்பை கொட்டும் இடமாய்க் கிடந்த அரசு நிலத்தில், நிழல் என்னும் அமைப்பின் தொண்டர்கள் 2006-ஆம் ஆண்டளவில் பணி தொடங்கி நம் நாட்டு மரங்களை நட்டனர். இன்று அது மரப்பூங்காவாய் விளங்குகிறது. வார இறுதியில் மண்வெட்டியுடன் வரும் தன்னார்வத் தொண்டர்களே அதன் தோட்ட வாரியம்.

நாம் செய்த பிழை

இனி நம் ஊருக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் யாமும் அண்டை வீட்டார் சிலரும் கூடிப் பொருள் திரட்டி, மதிலருகே உள்ள அம்மனையில் ஒரு ஞாயிறு முழுதும் உழைத்துக் குப்பை அகற்றி, வேம்பும் புங்கமும் நட்டோம். படம் எடுத்தோம், பாராட்டிக் கொண்டோம். ஆறு திங்களில் மண்வாரி இயந்திரம் வந்து அத்தனையும் பெயர்த்தது. நிலம் தனியார் ஒருவருடையது. அவர்மேற் குறையில்லை, தம் நிலத்தில் தம் வேலையைச் செய்தார். கேளாது நட்ட பிழை எம்முடையதே. திரட்டிய பொருளில் எஞ்சியது எவ்வளவு என்று ஒருவர் வினவியபோது, விடை சொல்ல ஓர் ஏடும் எம்மிடம் இல்லை. அன்று எம் முகம் தாழ்ந்தது. உத்தரமேரூர் விதிப்படி எமக்கு மட்டுமன்று, எம் சுற்றத்தார்க்கும் குடத்தில் இடமில்லை என்று பின்னர் எண்ணி நகைத்தோம்.

வரலாறு மூன்று வினாக்களை நம்முன் வைக்கிறது. நிலம் யாருடையது? கணக்கு யாரிடம்? கோடையில் நீர் ஊற்றுபவர் யார்? இம்மூன்றிற்கும் விடையின்றி ஒரு செடியும் நடலாகாது.

முதல் வினாவிற்கு விடை எளிது. தமிழகத்தில் சிட்டா, அடங்கல் பார்ப்பது போல, இங்குச் சாத்-பாரா எனப்படும் ஏழு-பன்னிரண்டு ஆவணம் உண்டு. அதனைப் பெற்றால் மனை யாருடையதென அறியலாம். தனியார் நிலமாயின் எழுத்தில் இசைவு பெறுக. ஊராட்சியின் நிலமாயின் ஊராட்சியிடமும், தொழிற்பேட்டை நிலமாயின் மராட்டியத் தொழில் வளர்ச்சிக் கழகத்திடமும் கேட்குக. நம் மனைப்பிரிவின் வரைபடத்தையும் பார்த்தல் நன்று. பெரிய மனைப்பிரிவுகளில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக விடவேண்டும் என்பது விதி. நாம் வெற்றுமனை எனக் கருதுவது, நாம் விலைகொடுத்தே வாங்கிய நம் பொதுவெளியாகவும் இருத்தல் கூடும்.

கிராம சபையில் நம் இடம்

ஹிஞ்சேவாடி, கிராம பஞ்சாயத்தின் ஆளுகையில் வளர்ந்த ஊர். புனே மாநகராட்சியின் படிவம் இங்குச் செல்லாது. ஆனால் அதனினும் வலிய வாயில் ஒன்று இங்கு உண்டு; அதுவே கிராம சபை. 2015 முதல் பதினான்காம் நிதிக் குழுவின் பரிந்துரைப்படி நடுவணரசின் மானியம் ஊராட்சிகளுக்கு நேரே வரத் தொடங்கியது. அதனை எவ்வாறு செலவிடுவது என ஊரே திட்டமிடும் முறையை, நம் ஊர், நம் வளர்ச்சி எனப் பொருள்படும் பெயரால் மராட்டிய அரசு நடைமுறைப்படுத்தியது. அத்திட்டம் ஒப்புதல் பெறும் இடம் கிராம சபை.

அச்சபையின் உறுப்பினர் யார்? ஊரின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் உறுப்பினரே. நிலம் வேண்டா, சொந்த மனை வேண்டா, ஆணென்றும் பெண்ணென்றும் பிரிவில்லை. உத்தரமேரூர்க் குடம் ஆயிரத்து நூறாண்டுகளாய் மூடி வைத்திருந்த வாயில் இங்கு எல்லோர்க்கும் திறந்திருக்கிறது. எனினும் அவ்வாயிலில் நம்மவர் பலர் நுழைய இயலாது. ஏன்? நம் பெயர் இன்னும் மதுரையிலும் தஞ்சையிலும் நெல்லையிலும் உள்ள பட்டியல்களில் இருக்கிறது.

பிறந்த ஊர்ப் பட்டியலிலிருந்து பெயரை மாற்றுவது தொப்புட் கொடியை மீண்டும் ஒருமுறை அறுப்பது போலத் தோன்றும். அவ்வுணர்ச்சியை யாம் இகழோம். எமக்கும் அது உண்டு. ஆயின் ஒன்று எண்ணுமின். தேர்தலுக்கு ஒருமுறை ஊர் செல்லும் நமக்கு அங்கே ஒரு வாக்கு. ஆண்டெல்லாம் வாழும் ஊரில், நம் மக்கள் விளையாடும் மண்ணைப் பற்றி, ஒரு சொல்லும் இல்லை. வாக்கை இங்கு மாற்றுவதா, அங்கு வைப்பதா என்பது அவரவர் உள்ளம் துணிய வேண்டியது. பத்தாண்டிற்கு மேல் இங்கு வாழ்வோரும், வீடு வாங்கியோரும், மராத்தியிற் பேசும் பிள்ளைகளைப் பெற்றோரும் அதனை எண்ணிப் பார்த்தல் கடன்.

முடிவுரை

இவ்வாண்டு நம் சங்கத்தில் பன்னிருவர் கொண்ட தோட்ட வாரியம் ஒன்று அமையட்டும். அதில் தமிழர் மட்டுமன்றி அண்டை வீட்டு மராட்டியரும், குடியிருப்பில் காவலும் தோட்டப் பணியும் புரிவோரும் இடம்பெறட்டும். அவர்கள் முதலில் செடி வாங்க வேண்டா. சாத்-பாரா ஆவணத்தை வாங்கட்டும். அடுத்து, கணக்கேடு ஒன்றைத் திறந்து, அறிவிப்புப் பலகையில் திங்கள்தோறும் ஒட்டட்டும். மூன்றாவதாக, மாசி முதல் வைகாசி வரை நீர் ஊற்றும் முறைப்பட்டியலை எழுதட்டும். இம்மூன்றும் கையிலிருக்கக் கிராம சபையின் முன் சென்றால், மானியம் கேட்கும் நம் குரல் இரப்போர் குரலாய் இராது. பங்காளர் குரலாய் இருக்கும்.

முந்நூற்று அறுபது நாள் கழித்து, அடுத்த ஆண்டு விழாவில், வாரியத்தார் மேடையேறிக் கணக்கு வாசிக்கட்டும். அன்று மாலை நம் சிறுவர் பந்துடன் வெளியே சென்று திரும்பி வாராதிருப்பின், விளக்கு ஏற்றும் நேரத்தில் அவர்களை அழைக்கத் தாய்மார் மதிலருகே செல்ல நேரின், அதுவே நம் சங்கம் இவ்வூர்க்கு ஆற்றிய தொண்டாகும்.

வாழ்க தமிழ்! வளர்க நம்மை வாழ வைக்கும் மராட்டிய மண்!